ஆன்ஷலுக்கு முன்னால் இருந்த இடம்

ஸலோவிட்ஸ் ஊரில் யூதச் சல்லடைக்காரர்களும் தையல்காரர்களும் சேர்ந்து வைத்திருந்த சின்ன ஜெபக்கூடத்தில், கணப்படுப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஓர் இடம் எப்போதும் காலியாகவே கிடந்தது. குளிர்காலத்தில் அந்தக் கூடத்திலேயே சூடான இடம் அதுதான். இருந்தும் யாரும் அங்கே நிற்பதில்லை. காரணம், அந்த இடத்துக்குப் பின்னால் நின்று ஜெபிப்பவர் ஆன்ஷல்.

நின்றுகொண்டு சொல்கிற ஜெபத்தை எல்லோரும் பாதம் இரண்டையும் சேர்த்து வைத்து, கிழக்கே பார்த்து, வாய்க்குள்ளேயே சொல்வார்கள். முடித்தவர் மூன்று அடி பின்னால் வந்து, குனிந்து வணங்கி, அப்புறம்தான் நகரலாம். ஆனால் பின்னால் நிற்பவர் இன்னும் முடிக்கவில்லை என்றால் முன்னால் நிற்பவர் ஓர் அடிகூட எடுத்து வைக்கக் கூடாது. ஜெபத்தில் நிற்கிறவனுக்கு முன்னால் கடவுள் நிற்கிறார். அந்த இடத்தில் போய் இடிக்கலாமா? அவன் முடிக்கும் வரை சேர்த்த பாதத்தோடு அப்படியே நிற்க வேண்டியதுதான். வேறு யாருக்காவது முன்னால் மாட்டிக்கொண்டால் ஒரு துண்டு ரொட்டி தின்கிற நேரம் நிற்க வேண்டியிருக்கும். ஆன்ஷலுக்கு முன்னால் மாட்டிக்கொண்டால், மாவு பிசைந்து, புளிக்க வைத்து, அந்த ரொட்டியைச் சுட்டே எடுத்துவிடலாம்.

அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பலர். ஒரு துணி வியாபாரி மாவட்ட நகரத்துக்குப் போகிற வண்டியைத் தவற விட்டார். வண்டி கூடத்தின் வாசல் வழியாகவே போனது. அவர் காதில் சலங்கைச் சத்தம் விழுந்தது. பாதத்தைப் பிரிக்க முடியவில்லை. இன்னொருவர் வீட்டில் அடுப்பில் வைத்த பார்லிக் கஞ்சி தீய்ந்து, புகை தெருமுனை வரை வந்தது. தையல்கார நூத்தே இதையெல்லாம் வைத்து ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். "ஆன்ஷல் அண்ணனுக்கு முன்னால நிக்கப் போறவன் பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிட்டு வரணும்" என்பான். "பிள்ளைங்க கல்யாணத்தையெல்லாம் நீயே பார்த்து முடிச்சுருன்னு."

ஆன்ஷல் அதைக் கேட்டு அவரும் லேசாகச் சிரிப்பார். முதலில் அவர் நடு வரிசையில்தான் நின்றார். முன்னால் நிற்பவர்களின் கழுத்து சிவப்பதைப் பார்த்துப் பார்த்து, அவராகவே மூன்றாம் வரிசைக்குப் போனார். பிறகு ஜன்னலோரம். கடைசியில் கணப்படுப்பு மூலை. அங்கே அவருக்கு எதிரே புத்தக அலமாரி. அலமாரிக்கும் அவருக்கும் நடுவே அந்த ஓர் ஆள் இடம். அவரைப் போகச் சொன்னவர் யாருமில்லை. இரு என்று சொன்னவரும் இல்லை.

இத்தனைக்கும் அவர் பெரிய படிப்பாளியோ தவசியோ இல்லை. பத்து வயதில் தாய் தகப்பனை இழந்து, சித்தப்பாவின் சல்லடைப் பட்டறைக்கு வந்து சேர்ந்தவர். எழுத்துக் கூட்டி ஜெபப் புத்தகத்தை வாசிக்கிற வரைக்கும் வாத்தியாரிடம் போனார். அப்புறம் கையில் வந்தது குதிரை வால் மயிர்தான். மயிரைக் கழுவி, உலர்த்தி, சீவி, தறியில் பின்னி, மர வளையத்தில் இறுக்கிக் கட்டுவார். கட்டி முடித்த சல்லடையை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்பார். ஒரு மயிர் விட்டுப்போயிருந்தாலும் தவிடு மாவில் இறங்கிவிடும். ஒரு சல்லடையைப் பின்னுகிற நேரத்தில் பாதி நேரத்தை அவர் பார்ப்பதற்கே செலவழித்தார்.

இப்படிப்பட்டவரை அவ்வளவு நேரம் நிற்க வைத்தது ஒரு புத்தகம். அது அவர் கைக்கு வந்தது மாமனாரால்.

மாமனார் ஹனோக் தனியாள் மாதிரி வாழ்ந்தவர். யாரோடும் அதிகம் பேச மாட்டார். ஜெபத்தின் உள்ரகசியம் அறிந்த அவருடைய குருவிடம் ஒரு புத்தகம் இருந்தது. அதைப் பார்த்து மூன்று குளிர்காலம் உட்கார்ந்து தன் கையாலேயே பிரதி எடுத்தார். ஒவ்வொரு நாளும் எழுதுவதற்கு முன்னால் ஆற்றில் முழுகுவார். பனிக்கட்டி மூடியிருந்தால் கோடாலியால் உடைத்துவிட்டு முழுகுவார். பக்கத்தின் நடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஜெபம், பெரிய எழுத்தில், கறுப்பு மையில். அதைச் சுற்றி, வார்த்தைக்கு மேலும் கீழும் ஓரத்திலும், எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்துகள். கடவுளின் பெயர்கள், பிரித்தும் கோத்தும், புள்ளி மாற்றி மாற்றி. எந்த வார்த்தையில் மனம் எந்தப் படியில் ஏற வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது என்பார்கள். வட்டத்துக்குள் வட்டமாகச் சில படங்களும் உண்டு. கன்றுத்தோல் அட்டை, அதற்குப் பித்தளைக் கொக்கி.

ஹனோக்குக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள் பெய்லா. சீதனம் இல்லாத பெண்ணைக் கட்டிக்கொள்ளப் படித்த பையன் எவனும் வரவில்லை. சல்லடைக்காரன் வந்தான். கல்யாணம் முடிந்த வாரம் ஹனோக் மருமகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, புத்தகத்தை அவன் மடியில் வைத்தார். தனக்கு இதெல்லாம் புரியாது என்று ஆன்ஷல் சொன்னார். பெரியவர் அதற்குச் சொன்னது இவ்வளவுதான்:

"பெரிய எழுத்தை வாயால சொல்லு. சின்ன எழுத்தை வாய்க்குக் கொண்டுவராத. கண்ணால பாரு. ஒண்ணையும் விடாத."

அந்த வசந்தத்திலேயே ஹனோக் போய்ச் சேர்ந்துவிட்டார். மேற்கொண்டு கேட்க ஆளில்லை. தன்னிடம் கொடுக்கப்பட்ட ஒரே ஒரு வேலையை ஆன்ஷல் அதற்குப் பிறகு முப்பத்தோரு வருஷம் செய்தார். பெரிய எழுத்தில் ஒரு வார்த்தையைச் சொல்வார், நிறுத்துவார், சுற்றியுள்ள சின்ன எழுத்துகளை, சல்லடையின் கண்களைப் பார்ப்பது போலவே, ஒன்று விடாமல் பார்ப்பார், அடுத்த வார்த்தைக்குப் போவார். அர்த்தம் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்டு ஓர் எழுத்தைத் தாண்டிவிட்டால் மட்டும் அவருக்கே தெரிந்துவிடும். திரும்பப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

பெய்லா இருந்த வரைக்கும் இதில் தனிமை என்று எதுவும் இல்லை. கூடத்தின் பக்கவாட்டில் நாலு படி ஏறினால், மரத்தடுப்புக்குப் பின்னால் பெண்கள் நிற்கிற இடம். எல்லோரும் போன பிறகும் அவள் அங்கே இருப்பாள், காலையிலானாலும் சாயங்காலமானாலும். அவர் ஜெபத்தை முடித்து, மூன்று அடி பின்னால் வந்து வணங்கி, புத்தகத்தை மூடிப் பித்தளைக் கொக்கியை மாட்டுவார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். தடுப்பைப் பார்த்து, "முடிஞ்சுது பெய்லா. வா, போகலாம்" என்பார். அவள் இறங்கி வருவாள். வழியில் அவள்தான் பேசிக்கொண்டு வருவாள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னது, கோழி முட்டை இடாமல் ஏமாற்றுவது, எல்லாம். ஒரு பிள்ளை பிறந்து பதினோரு நாள் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை. அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

கூடத்தைத் திறந்து மூடுகிற பைவிஷுக்குத்தான் இவர்களால் தொல்லை. சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டே வாசலில் நிற்பார். பெய்லா குளிர்கால மாதமான தேவெத்தில், பதினான்காம் நாள், மார்ச்சளியில் போனாள். அது நடந்து ஒரு மாதம் கழித்து, பைவிஷ் சாவிகளில் ஒன்றைக் கொத்திலிருந்து கழற்றி ஆன்ஷல் கையில் கொடுத்துவிட்டார். "உங்க இஷ்டத்துக்கு இருந்துட்டு பூட்டிட்டுப் போங்கண்ணே" என்றார். நல்ல மனத்தோடு செய்ததுதான். அன்றைக்குப் பிறகு ஆன்ஷலுக்காக வாசலில் சாவி குலுக்கவும் ஆளில்லாமல் போயிற்று.

பெய்லா கடைசி வாரத்தில் ஒன்று சொல்லியிருந்தாள். மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்.

"என் நினைவு நாள்ல, எனக்காகன்னு அப்பா புத்தகத்தை மூடி வெச்சிட்டு, அச்சுப் புத்தகத்தை எடுத்துராதீங்க. நீங்க எடுப்பீங்க. எனக்குத் தெரியும்."

அவள் சரியாகத்தான் கணித்திருந்தாள். இறந்தவர்களுக்காகச் சொல்கிற கதிஷை ஜெபத்தின் கடைசியில்தான் சொல்வார்கள். பத்து ஆண்கள் கூடியிருந்தால்தான் சொல்லலாம். ஒன்பது பேர் இருந்தாலும் சொல்ல முடியாது. பெய்லாவுக்குச் சொல்ல மகனில்லை. புருஷன்தான் சொல்ல வேண்டும். மாமனாரின் புத்தகத்தைக் கொண்டு ஜெபித்தால் அவர் முடிக்கும்போது கூடத்தில் ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். விடிவதற்கு முன்னால் தொடங்கவும் முடியாது. விடிந்த உடனே ஊரார் தொடங்கிவிடுவார்கள். வேலைக்குப் போகிற ஜனங்கள். அச்சடித்த ஜெபப் புத்தகத்தில் சின்ன எழுத்துகள் கிடையாது. அதை எடுத்தால் எல்லோரோடும் முடித்து, கதிஷையும் சொல்லிவிடலாம். அதைத்தான் செய்யாதே என்றாள்.

முதல் வருஷ நினைவு நாளில் அவர் மாமனாரின் புத்தகத்தையே எடுத்தார். ஒரு சின்ன ஜாடியில் சாராயமும், துணியில் சுற்றிய தேன் ரொட்டியும் கொண்டு போயிருந்தார். நினைவு நாள்காரர் கூடத்தில் இருப்பவர்களுக்கு அதைக் கொடுப்பது வழக்கம். அவர்கள் ஒரு மடக்கு குடித்து, ஒரு துண்டு தின்று, அந்த ஆத்மா மேலே ஏறட்டும் என்று வாழ்த்துவார்கள். ஜாடியைப் பெஞ்சில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரிதான் வைத்தார். யாராவது பார்த்துப் புரிந்துகொள்வார்கள், இருப்பார்கள் என்று நினைத்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இருந்திருப்பார்கள், கெட்டவர்கள் இல்லை. ஆனால் இத்தனை வருஷமாக இவர்களுடைய கால்களை எத்தனை முறை கட்டிப்போட்டிருக்கிறோம், இன்னும் ஒரு முறை நில்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அவர் கொக்கியை மாட்டித் திரும்பியபோது பெஞ்சு மட்டும் இருந்தது. கதிஷ் சொல்லப்படவில்லை. தேன் ரொட்டியை வீட்டுக்குத் திருப்பி எடுத்துக்கொண்டு போக மனம் வராமல் அங்கேயே விட்டுவிட்டு வந்தார். மறுநாள் பார்த்தால் எலி தின்றிருந்தது.

அதற்கடுத்த இலையுதிர்காலத்தில் ஒருவர் அவரைத் தேடிக்கொண்டு பட்டறைக்கே வந்தார். பெயர் எல்ஹானான். மாவட்ட நகரத்தில் உள்ள பெரிய பாடசாலையில் இந்த ரகசியங்களையே படிக்கிறவர்களில் ஒருவர். ஹனோக்கின் குரு வைத்திருந்த மூலப் புத்தகம் தீயில் போய்விட்டது என்றும், இந்தப் பிரதி ஒன்றுதான் மிச்சம் என்றும் சொன்னார். கையைக் கழுவித் துடைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். ஒரு பக்கத்தைப் படித்தபோது அவர் முகமே மாறிப்போயிற்று. அதில் என்ன இருக்கிறது என்று ஆன்ஷல் அவர் முகத்திலிருந்துதான் முதல் முறையாகக் கொஞ்சம் தெரிந்துகொண்டார்.

இதை வைத்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். ஆன்ஷல் உள்ளதைச் சொன்னார். பார்ப்பேன் என்றார்.

"பார்த்து?"

"பார்ப்பேன் ஐயா. அவ்வளவுதான்."

எல்ஹானான் கோபப்படவில்லை. தாடியைத் தடவிக்கொண்டே, "பூட்டின வீட்டு வாசல்ல முப்பது வருஷமா உட்கார்ந்திருக்கீங்க. சாவி வெச்சிருக்கிறவங்க கையில குடுத்தா உள்ள போவாங்கல்ல?" என்றார். ஆன்ஷலுக்கு அதில் தப்பு தெரியவில்லை. பிறகு அவர் விஷயத்துக்கு வந்தார். காசு பேசவில்லை. பாடசாலையில் பத்துப் பேருக்குக் குறைந்து எந்த நாளும் இருப்பதில்லை. புத்தகத்தைக் கொடுத்தால், பெய்லாவின் பெயரைப் பலகையில் எழுதி வைத்து, வருஷா வருஷம் அவள் நாளில் கதிஷ் சொல்வார்கள். ஆன்ஷல் காலத்துக்குப் பிறகும் சொல்வார்கள். பாடசாலை இருக்கிற வரைக்கும்.

ஆன்ஷல் அவகாசம் கேட்டார். அவளுடைய நாள் தேவெத் மாதத்தில் வருகிறது, அன்றைக்கு வாருங்கள், சொல்கிறேன் என்றார்.

மூன்று மாதம் யோசித்தார். அப்பா புத்தகத்தை மூடி வைக்காதே என்று பெய்லா சொன்னது உண்மை. ஆனால் அவளுக்காகப் பத்துப் பேரைத் தன்னால் கூட்ட முடியவில்லையே. தான் செத்த பிறகு அவள் பெயரை யார் சொல்வார்கள்? பார்க்கத் தெரிந்தவன் கையில் இருந்து என்ன, படிக்கத் தெரிந்தவன் கையில் அல்லவா இருக்க வேண்டும்? தறியில் உட்கார்ந்து இதையே நினைத்ததில் இரண்டு சல்லடைகளில் மயிர் விட்டுப்போயிற்று. பிரித்துத் திரும்பப் பின்னினார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். நினைவு நாளன்று காலையில் புத்தகத்தோடு போவது. அன்றைக்கும் பத்துப் பேர் அமையவில்லை என்றால், மதியம் எல்ஹானான் வரும்போது கொடுத்துவிடுவது. கடவுள் எந்தப் பக்கம் காட்டுகிறாரோ அந்தப் பக்கம்.

அந்த நாள் விடிந்தபோது பனி வீட்டுக் கதவின் பாதி உயரத்துக்கு விழுந்திருந்தது. முந்தின நாள் அவரே தேன் ரொட்டி சுட்டிருந்தார். மாவை மூன்று தடவை சலித்தும் ஒரு பக்கம் கருகிவிட்டது. ஜாடியையும் ரொட்டியையும் புத்தகத்தையும் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பனியில் வழி வெட்டிக்கொண்டு போனார். கூடத்தில் கூட்டமே இல்லை. பைவிஷ் வெளிக்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் ஆகிவிட்டார்கள். பத்தாவது ஆளாக, இமையெல்லாம் பனியோடு, நூத்தே ஓடி வந்தான். கை விறைத்துப்போயிருந்தது. ஜெபம் அப்போதே தொடங்கியிருந்ததால் அக்கம்பக்கம் பார்க்காமல், நேராகக் கணப்படுப்பின் சூட்டுக்குப் போய், ஜெபச் சால்வையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, பாதத்தைச் சேர்த்து நின்றான்.

அவன் நின்றது அந்தக் காலி இடம்.

ஆன்ஷல் அதைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலும் சால்வை, கண் புத்தகத்தில். அன்றைக்கு வழக்கத்தைவிட நிதானமாகவே போனார். கடைசியாகப் பார்க்கிறோமோ என்னவோ என்ற நினைப்பு. ஓரத்தில் ஒரு மெழுகுத் துளி இருந்தது. மாமனார் காலத்துத் துளி. அதன் அடியில் பாதி மறைந்த ஓர் எழுத்தை முப்பத்தோரு வருஷமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து வந்திருக்கிறார். அன்றைக்கும் சாய்த்துப் பார்த்தார். கூடத்தில் மற்றவர்கள் சத்தமாக ஜெபத்தைத் திருப்பிச் சொல்வதும், ஆமென் என்பதும், பெஞ்சுகள் இழுபடுவதும் தூரத்தில் கேட்டன. யாரோ கமறலாகச் சிரிப்பை அடக்கினார்கள். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. வெளிக்கதவு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. குளிர்காற்று வந்து காலைத் தொட்டது. அப்புறம் சத்தமில்லை. சரி, போய்விட்டார்கள் என்று தெரிந்துகொண்டார்.  இருந்தும் மிச்சமிருந்த பக்கங்களில் ஓர் எழுத்தையும் அவர் தாண்டவில்லை.

முடித்தார். மூன்று அடி பின்னால் வந்து வணங்கினார். புத்தகத்தை மூடிக் கொக்கியை மாட்டினார். டக்.

மரத்தடுப்பைப் பார்த்து, எப்போதும் சொல்கிற மாதிரி, "முடிஞ்சுது பெய்லா. வா, போகலாம்" என்றார்.

சால்வையைத் தலையிலிருந்து இறக்கியபோதுதான் முன்னால் ஒரு முதுகு தெரிந்தது.

நூத்தே இன்னும் பாதம் சேர்த்தபடியே நின்றிருந்தான். ஆன்ஷல் பின்னால் போனது தெரிந்ததும் அவனும் மூன்று அடி எடுத்து வைத்து, இடப்பக்கமும் வலப்பக்கமும் வணங்கிவிட்டுத் திரும்பினான். ஆன்ஷலுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. தன் பேச்சு அவன் காதில் விழுந்துவிட்டது. இனி இதுவும் சந்தையெல்லாம் சிரிப்பாகப் போகும். மன்னிச்சுக்கோ தம்பி, நீ நின்னது தெரியாது என்று என்னவோ முணுமுணுத்தார்.

நூத்தே சிரிக்கவில்லை. தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டே தடுப்பைப் பார்த்தான். பெஞ்சில் இருந்த ஜாடியைப் பார்த்தான்.

"இன்னைக்கு அண்ணியோட நாளா?"

ஆன்ஷல் தலையசைத்தார்.

"கதிஷ் சொன்னீங்களா?"

யாரோடு சொல்வது என்பது போல ஆன்ஷல் கூடத்தைச் சுற்றிக் கையைக் காட்டினார்.

"போன வருஷம்?"

ஆன்ஷல் அதே மாதிரி இன்னொரு தடவை கையைக் காட்டினார். 

"ஏன் அண்ணே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன? ஜாடிய வெச்சுட்டு நின்னா நாங்க என்ன ஜோசியமா பார்ப்போம்?" நூத்தேயின் குரல் கடுமையாக வந்தது. யார்மேல் கோபம் என்று அவனுக்கே தெரிந்த மாதிரி இல்லை. சால்வையைக்கூடக் கழற்றாமல், அதன் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போனான்.

ஆன்ஷல் பெஞ்சில் உட்கார்ந்தார். அவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான் என்றுதான் நினைத்தார். சூரியன் ஜன்னலின் மேல் கட்டையைத் தாண்டியபோது வெளியே காலடிச் சத்தமும் நூத்தேயின் குரலும் கேட்டன. பைவிஷை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். பின்னால் ஜன்னல் கண்ணாடி போடுகிறவர் ஒருவர், ரொட்டிக் கடை அண்ணன் தம்பி இருவர் கையில் மாவோடு, வண்டிக்காரர் ஒருவர், காது மந்தமான நூத்தேயின் மாமனார், கூடவே அவரைப் பிடித்துக்கொண்டு வந்த மச்சான். மாமனார் ஏதோ கல்யாணத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து மாப்பிள்ளை எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆட்களை நேராக எண்ணினால் கண் படும் என்று யாரும் எண்ணுவதில்லை. பைவிஷ் ஒவ்வொருவர் பக்கமாக விரலை நீட்டி, "ஒண்ணில்ல, ரெண்டில்ல, மூணில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தன்னைத் தொட்டு, "ஒம்பதில்ல" என்று நின்றார். எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். இன்னொரு ஆளுக்கு எங்கே போவது? மற்றவர்களெல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பனி வெட்டப் போய்விட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை விட்டு வந்திருக்கிறேன் என்று சொல்லத் தொடங்கி, நூத்தேயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அரை மணி போல அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ஷலுக்கு ஒவ்வொருவர் காலையும் பார்க்கப் பார்க்கக் கூசியது. போதும், நீங்கள் போங்கள் என்று சொல்ல எழுந்தார்.

அப்போது வாசலில் பனிச்சறுக்கு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் எல்ஹானான். காலில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டு, புத்தகத்தைச் சுற்றிக் கொண்டுபோவதற்குக் கொண்டுவந்த கம்பளித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பைவிஷ் விரலை அவர் பக்கம் நீட்டினார்.

"பத்தில்ல" என்றார்.

வேதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதத்தை எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அப்புறம் ஆன்ஷல் எழுந்து நின்று கதிஷைச் சொன்னார்.  ஒன்பது பேரும் ஆமென் சொன்னார்கள். காது மந்தமானவர் கொஞ்சம் பிந்தி, எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். பெய்லா கேட்டிருந்தால் சிரித்திருப்பாள் என்று ஆன்ஷலுக்குத் தோன்றியது.

ஜாடி சுற்றி வந்தது. தேன் ரொட்டியின் கருகிய பக்கத்தை நூத்தே எடுத்துக்கொண்டான். அவள் ஆத்மா மேலே ஏறட்டும் என்று ஒவ்வொருவராகச் சொல்லிவிட்டு வேலைக்கு ஓடினார்கள். நூத்தே வாசலில் திரும்பி நின்று, "அடுத்த வருஷம் முன்னாடியே சொல்லித் தொலைங்கண்ணே. இன்னொரு தடவ அவ்வளவு நேரம் நிக்க என் முட்டியில தெம்பில்ல" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எல்ஹானான் மட்டும் இருந்தார். ஆன்ஷல் தான் செய்திருந்த முடிவை ஒளிக்காமல் சொன்னார். பத்துப் பேர் அமையாவிட்டால் கொடுப்பதாக இருந்ததையும், பத்தாவது ஆளாக வந்தது யார் என்பதையும். எல்ஹானான் முதலில் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் கம்பளித் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வாசல்லயே குதிரைக்குக் கொள்ளு காட்டிட்டு நிதானமா வந்திருந்தா புத்தகம் என் கையில இருந்திருக்கும்" என்றார்.

"என் காலத்துக்கு அப்புறம் உங்களுக்குத்தான் ஐயா. பைவிஷ்கிட்ட சொல்லி வெச்சிடறேன்."

அவர் புத்தகத்தை ஒரு முறை வாங்கிப் பார்த்தார். அட்டையைத் தடவி, கணப்படுப்புக்கு இவ்வளவு பக்கத்தில் வைக்காதீர்கள், தோல் வெடிக்கிறது என்றார். கொஞ்சம் வாத்துக்கொழுப்பு தடவச் சொன்னார். அவருக்கு வருத்தம்தான். அதை மறைக்கவும் இல்லை. வண்டி கிளம்பிப் போகிற சத்தம் பாலம் வரைக்கும் கேட்டது.

மறுநாள் காலையில் பனி விலகி, கூடத்தில் ஆள் நிறைய இருந்தது. நூத்தே வந்தான். கணப்படுப்பைப் பார்த்தான், அந்த இடத்தைப் பார்த்தான், ஆன்ஷலைப் பார்த்தான். தலையை ஆட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டான். ஒரு கல்யாணக் கோட்டை அன்று சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆன்ஷல் அவனைத் தப்பாக நினைக்கவில்லை. புத்தகத்தைத் திறந்தார். பெரிய எழுத்தை வாயால் சொன்னார். சின்ன எழுத்தைக் கண்ணால் பார்த்தார். கதவு திறந்தது, மூடியது. கூடம் அமைதியானது.

முடித்து, பின்னால் வந்து, வணங்கி, கொக்கியை மாட்டினார். தடுப்பைப் பார்த்து வாயைத் திறந்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டு, சால்வையை விலக்கி, முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

யாரும் இல்லை. அலமாரிதான் இருந்தது.

"முடிஞ்சுது பெய்லா" என்றார். "வா, போகலாம்."

பிறகு கோட்டுப் பையில் சாவியைத் தேடினார்.